குரூப் ப்ராஜெக்ட்டில் ஒருவர் காப்பியடித்தால் யார் பொறுப்பு? டீம் போடும் நாள் முதல் விசாரணை வரை

நான்கு பேர் சேர்ந்து செய்த ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். லிட்டரேச்சர் சர்வே ஒருவர் எழுதினார், கோடிங் இருவர் பார்த்துக்கொண்டார்கள், எல்லாவற்றையும் கோத்து பைண்டிங்குக்குக் கொடுத்தது நான்காமவர். வைவா நெருங்கும்போது இரண்டாம் அத்தியாயம் வேறொரு பேப்பரிலிருந்து அப்படியே எடுத்தது என்று தெரியவருகிறது. யாரைக் கூப்பிடுவார்கள்?

நான்கு பேரையும்தான்.

அநியாயமாகத் தோன்றும். ஆனால் டிபார்ட்மெண்ட் கையில் இருப்பது ஒரே ரிப்போர்ட். அட்டையில் நான்கு பெயர், உள்ளே போனஃபைட் சர்டிஃபிகேட்டில் அதே நான்கு பெயர். எந்தப் பத்தியை யார் எழுதினார் என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. அதைக் காட்ட வேண்டியவர் நீங்கள். காட்டுவதற்கான ஆதாரமும் ரிப்போர்ட்டைக் கொடுப்பதற்கு முன்பே உருவாகியிருக்க வேண்டும். விசாரணைக் கடிதம் வந்த பிறகு உருவாக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் பிரச்சினை வருவதற்கு முன்பு செய்ய வேண்டியவையாக இருப்பது அதனால்தான்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை மனதில் வைத்து எழுதுகிறேன். எம்.பி.ஏ., எம்.எஸ்சி., கலைக் கல்லூரி குரூப் ப்ராஜெக்ட்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

விதி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

கேண்டீனில் கேட்டால் "பத்து பர்சென்ட் வரைக்கும் ஓகே, யு.ஜி.சி.யே சொல்லியிருக்கு" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, மீதிப் பாதிதான் மாட்டிவிடும்.

உயர்கல்வி நிறுவனங்களில் கருத்துத் திருட்டைத் தடுக்க யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இல் ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. ஒப்புமை, அதாவது வேறு மூலங்களோடு ஒத்துப்போகும் அளவு, 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய பிரதியைக் கொடுக்க ஓராண்டு தடை. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. எல்லோரும் சொல்லும் பத்து சதவீதம் இங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் இந்த விதிகள் எந்த எழுத்துக்குப் பொருந்தும் என்று அதே ஆவணத்தின் வரையறைப் பகுதியில் இருக்கிறது. முதுகலை, ஆராய்ச்சிப் பட்டங்களுக்கான ஆய்வேடு, ஆராய்ச்சிக் கட்டுரை, புத்தகம் போன்றவைதான் உள்ளே. அசைன்மெண்ட், டெர்ம் பேப்பர், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், கோர்ஸ் வொர்க், விடைத்தாள் ஆகியவற்றை வெளிப்படையாகவே விலக்கி வைத்திருக்கிறார்கள். அதாவது பி.இ. மாணவர் நான்கு பேர் கொடுக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அந்தப் பத்து சதவீதப் பாதுகாப்பு கிடையாது. அங்கே உங்கள் பல்கலைக்கழகமும் கல்லூரியும் வைத்ததுதான் சட்டம். சில இடங்களில் யு.ஜி.சி. அளவையே ப்ராஜெக்ட்டுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள், சில இடங்களில் டிபார்ட்மெண்ட்டே ஓர் எண்ணைச் சொல்கிறது, சில இடங்களில் எழுத்தில் எதுவுமே இல்லை, கைடு (ப்ராஜெக்ட்டை வழிநடத்தும் ஆசிரியர்) முடிவு செய்வதுதான்.

ஆகவே செமஸ்டர் தொடங்கியதும் ரெகுலேஷன் புத்தகத்தையும் ப்ராஜெக்ட் கையேட்டையும் எடுத்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒப்புமை வரம்பு எவ்வளவு, எந்த மென்பொருளில் பார்க்கிறார்கள்? டீமில் ஒருவர் தவறு செய்தால் தண்டனை டீமுக்கா, தனி ஆளுக்கா? ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்தலாமா, பயன்படுத்தினால் எங்கே சொல்ல வேண்டும்? பதில் கிடைக்காத கேள்வியை ஜீரோத் ரிவியூவுக்கு (ப்ராஜெக்ட்டின் தொடக்க ரிவியூ) முன்பு கைடுக்கு மெயிலில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும், மார்ச் மாதத்தில் அது இருவருக்கும் ஞாபகம் இருக்காது.

படி 1: டீம் போடும் நாளில் அரைப் பக்கம் எழுதுங்கள்

நண்பர்களுக்குள் கையெழுத்தா என்று சிரிப்பு வரும். சிரித்துவிட்டு எழுதுங்கள். இது ஒப்பந்தப் பத்திரம் இல்லை, ஒரு மெயில் போதும். டீமில் ஒருவர் எழுதி எல்லோருக்கும் அனுப்ப, மற்றவர்கள் "சரி" என்று பதில் போட்டால் முடிந்தது. உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்:

"அத்தியாயம் 1, 2 - திவ்யா. டேட்டா சேகரிப்பு, அத்தியாயம் 3 - இம்ரான். மாடல், கோடு, அத்தியாயம் 4 - செல்வா. டெஸ்டிங், முடிவுகள், அத்தியாயம் 5 - நான். எங்கிருந்து எதை எடுத்தாலும் அந்த இடத்திலேயே மூலத்தைக் குறிக்க வேண்டும். கோடு வெளியிலிருந்து எடுத்தால் ஃபைலின் மேலே லிங்க். ஏ.ஐ. பயன்படுத்தினால் எதற்கு என்று குரூப்பில் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்தையும் எழுதாத இன்னொருவர் படித்துப் பார்ப்பார்: 1, 2-ஐ நான், 3-ஐ திவ்யா, 4-ஐ இம்ரான், 5-ஐ செல்வா. ரிவியூவுக்கு ஒரு வாரம் முன்பு எல்லாம் கைக்கு வந்திருக்க வேண்டும்."

யார் எதை எழுதுகிறார் என்பதை எல்லா டீமும் பிரித்துவிடும். யார் எதைப் படித்துப் பார்க்கிறார் என்பதைக் கிட்டத்தட்ட யாருமே பிரிப்பதில்லை. விசாரணையில் இரண்டு கேள்விகள் வரும்: நீ செய்தாயா? உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? முதல் கேள்விக்கு வேலைப் பிரிவு பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் சொல்வது இந்தப் படித்துப் பார்க்கும் ஏற்பாடுதான்.

உலகளவில் மருத்துவ ஆய்விதழ்கள் இந்தச் சிக்கலை ரொம்ப காலமாகச் சுமந்துகொண்டிருந்தன. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, ஒரு கட்டுரையை எழுதியவராகப் பெயர் போடுவதற்கு வைத்திருந்த மூன்று தகுதிகளோடு 2013-இல் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது: மொத்த வேலைக்கும் பதில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கூட எழுதியவர்களில் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று அடையாளம் காட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பேராசிரியர்களுக்கே இந்த அளவு என்றால், விசாரணைக் கமிட்டியில் உட்காரும் பேராசிரியர் உங்களிடமும் அதையே எதிர்பார்ப்பார்.

இன்னொரு விஷயத்தையும் அன்றே பேசிவிடுங்கள்: ப்ராஜெக்ட் சென்டர். டிப்ளமோவிலிருந்து பி.ஹெச்.டி. வரை ரெடிமேடாகக் கொடுக்கும் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஒருவர் "எனக்குத் தெரிஞ்ச அண்ணன் முடிச்சுக் கொடுத்துடுவார், ஆளுக்கு இவ்வளவு" என்று ஆரம்பிக்கும்போது மற்ற மூவரும் தலையாட்டினால், அதற்கு மேல் கூட்டுப் பொறுப்பா தனிப் பொறுப்பா என்ற கேள்விக்கே இடமில்லை. ஜி-பே கணக்கில் நான்கு பேரும் பணம் அனுப்பியது இருக்கும். அதே கோடையும் அதே ரிப்போர்ட்டையும் அந்தக் கடை வேறு கல்லூரிக்கு விற்காது என்று நம்புவதற்கும் காரணம் எதுவும் இல்லை.

படி 2: வேலை நடக்கும்போதே தடம் பதியட்டும்

நம் ஊரில் ரிப்போர்ட் உருவாகும் விதம் இதுதான்: ஆளுக்கொரு வேர்ட் ஃபைல், வாட்ஸ்அப்பில் அனுப்புவது, கடைசி ராத்திரி ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் ஒட்டுவது. ஃபார்மேட்டிங் தெரிந்த பாவத்துக்கு அந்த வேலை எப்போதும் ஒரே ஆள் தலையில் விழும். அந்தக் கடைசி ஃபைலின் விவரங்களைத் திறந்தால் ஆசிரியர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் அனுப்பியதன் சுவடு எதுவும் அதில் இல்லை. ரிப்போர்ட்டைக் கோத்துக் கொடுத்தவரே எல்லாவற்றையும் எழுதியவர் மாதிரி ஆகிவிடும்.

இதற்கு மாற்று எளிது. முதல் நாளிலிருந்தே ஒரே கூகுள் டாக், அல்லது லாடெக் தெரிந்தவர்கள் ஓவர்லீஃப். ஒவ்வொருவரும் தன் சொந்த அக்கவுண்ட்டில் நுழைந்து தன் பகுதியை அங்கேயே எழுத வேண்டும். கூகுள் டாக்கில் வெர்ஷன் ஹிஸ்டரி என்ற பகுதி எந்த வரி எந்த நாளில் யார் கணக்கிலிருந்து வந்தது என்று காட்டும். வேர்டில்தான் எழுதுவேன் என்று அடம்பிடிப்பவர் இருந்தால், அவர் ஃபைலை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள்; வந்தபடியே ஒரு பிரதியை டிரைவ் ஃபோல்டரில் தேதியோடு போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பை நம்பாதீர்கள். போன் மாற்றினால் போய்விடலாம், டெலீட் ஃபார் எவ்ரிஒன் வேறு இருக்கிறது.

இந்த ஹிஸ்டரியை ஒரேயடியாக நம்பவும் கூடாது. நாற்பது வரி ஒரே நொடியில் வந்து விழுந்திருந்தால் அது காப்பி என்று தோன்றும், ஆனால் வேர்டில் தானாக எழுதி இங்கே ஒட்டியவருக்கும் அப்படித்தான் தெரியும். அதனால் கையால் எழுதிய குறிப்பு, அடிக்கோடிட்ட பேப்பர் பிரிண்ட்அவுட், முதல் டிராஃப்ட் எதையும் ரிசல்ட் வரும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

கோடு என்றால் கிட் (யார் எதை எப்போது மாற்றினார் என்று பதிந்து வைக்கும் மென்பொருள்). ஒவ்வொருவரும் தன் பெயர், தன் மெயில் ஐ.டி. அமைத்து, செய்த மாற்றத்தைத் தானே கமிட் செய்ய (பதிவு செய்ய) வேண்டும். ஒரே லேப்டாப்பில் உட்கார்ந்து நான்கு பேரும் வேலை செய்துவிட்டு அந்த லேப்டாப்காரர் பெயரில் எல்லாம் பதிவானால், பின்னால் கிட் பிளேம் (எந்த வரி யாருடையது என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்ப்பவருக்கு ஒருவர்தான் தெரிவார். வேலை செய்யாத ஆள் என்ற பட்டமும், செய்யாத தவறின் பழியும் சேர்ந்து வர இது போதும்.

படி 3: மற்றவர் எழுதியதைப் படியுங்கள்

எல்லாப் படிகளிலும் எனக்கு முக்கியமானது இதுதான், அதிகம் பேர் தவிர்ப்பதும் இதுதான். "நான் அந்த அத்தியாயத்தைப் படிக்கவே இல்லை சார்" என்பதைத் தன்னைக் காப்பாற்றும் வாக்கியம் என்று நினைத்துச் சொல்கிறார்கள். கேட்பவர் காதில் அது வேறு மாதிரி விழும்: படிக்காமலேயே பெயர் போட்டிருக்கிறாய்.

நியூயார்க்கில் 2023-இல் நடந்த மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கு தெரிந்திருக்கும். ஒரு வழக்கறிஞர் சாட்ஜிபிடியில் தேடி, இல்லாத தீர்ப்புகளை மேற்கோளாக மனுவில் சேர்த்துவிட்டார். அந்த நீதிமன்றத்தில் வழக்காட அவருக்கு அனுமதி இல்லாததால் மனுவில் கையெழுத்துப் போட்டது இன்னொரு வழக்கறிஞர். அவர் சாட்ஜிபிடி பக்கமே போகவில்லை. ஆனால் சக வழக்கறிஞர் எழுதியதைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டார். சந்தேகம் எழுந்த பிறகும் உடனே உண்மையைச் சொல்லவில்லை. நீதிபதி இருவருக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தார். லிட்டரேச்சர் சர்வேயை ஒருவரிடம் விட்டுவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் டீம்மேட் இருப்பதும் அந்த இரண்டாவது வழக்கறிஞரின் இடத்தில்தான்.

படிக்கும்போது எதைப் பார்ப்பது? மென்பொருள் இல்லாமலேயே கண்ணில் படும் அடையாளங்கள் நிறைய.

ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் அமைப்பு வெளியிடும் பேப்பர்கள் பக்கத்துக்கு இரண்டு பத்தியாக அச்சாகும். அந்த பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால், வரி முடிவில் உடைந்த சொற்கள் நடுவில் ஒரு ஹைஃபனோடும் இடைவெளியோடும் வந்து உட்காரும். உங்கள் ரிப்போர்ட்டில் மொத்தமே 15 ரெஃபரன்ஸ்தான், ஆனால் இரண்டாம் அத்தியாயத்தில் சதுர அடைப்புக்குள் 37 என்று ஓர் எண் கிடக்கிறது. இன்னும் படம் போடவே இல்லை, "படம் 7-இல் காட்டியபடி" என்று ஒரு வரி. "இந்தப் பேப்பரில் நாங்கள் முன்மொழிவது" என்று ரிப்போர்ட்டின் நடுவில் யாரோ முன்மொழிந்துகொண்டிருப்பார். ஒரு பத்தியில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், அடுத்ததில் அமெரிக்கன். திடீரென்று மாறும் ஃபாண்ட், வரிகளுக்குக் கீழே தெரியும் சாம்பல் நிறப் பின்னணி, நீல நிற விக்கிபீடியா லிங்க்.

சிலர் இன்னும் கொஞ்சம் 'புத்திசாலித்தனமாக' பாராஃப்ரேஸ் கருவியில் (சொற்களை மாற்றி எழுதித் தரும் கருவி) போட்டு எடுப்பார்கள். அதற்கும் அடையாளம் உண்டு. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பது "கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்" ஆகிவிடும், பிரெஸ்ட் கேன்சர் "பூசம் பெரில்" (bosom peril) ஆகிவிடும். துறைக்காரர் யாரும் எழுதாத இந்த விசித்திரச் சொற்களை வைத்தே கியோம் கபனாக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2021-லிருந்து அச்சான ஆய்விதழ்களிலேயே மோசடிக் கட்டுரைகளைப் பிடித்து வருகிறார்கள். உங்கள் டீம்மேட்டின் அத்தியாயத்தில் அடிப்படைக் கலைச்சொல் ஒன்று விநோத வேடத்தில் வந்தால், நின்று கேளுங்கள்.

ரெஃபரன்ஸ் பட்டியலை ஒவ்வொன்றாக கூகுள் ஸ்காலரில் தேடிப் பாருங்கள். தலைப்பு கிடைக்கவில்லை, டி.ஓ.ஐ. (ஒவ்வொரு பேப்பருக்கும் இருக்கும் அடையாள எண்) வேறு பேப்பருக்குப் போகிறது என்றால் ஏ.ஐ. இட்டுக்கட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 15 ரெஃபரன்ஸுக்கு அரை மணி நேரம் ஆகுமா?

கோடில் வேரியபிள் பெயரை மாற்றினால் தெரியாது என்ற நம்பிக்கை பல பேட்ச்களாக வாழ்கிறது. பேராசிரியர் அலெக்ஸ் ஐக்கன் 1994-இல் உருவாக்கிய மாஸ் என்ற கருவி, பெயரைப் பார்ப்பதே இல்லை. கோடின் அமைப்பிலிருந்து கைரேகை மாதிரி துண்டுகளை எடுத்து ஒப்பிடும். கிட்ஹப்பிலிருந்து எடுப்பது தவறே இல்லை, எடுத்த இடத்தைச் சொல்லாததுதான் தவறு. எம்.ஐ.டி. லைசன்ஸ் கொடுத்தவர்கூட தன் காப்பிரைட் அறிவிப்பை அப்படியே வைக்கச் சொல்கிறார். ரிப்போர்ட்டில் ஒரு வரியும் ஃபைலின் மேலே ஒரு வரியும் எழுதினால் போதும், வைவாவில் "இதில் நீங்கள் செய்தது எது?" என்ற கேள்விக்கும் தெளிவான பதில் கிடைத்துவிடும்.

படித்து முடித்ததும் கூகுள் டாக்கிலேயே கமெண்ட் போடுங்கள். "2.3-இல் இரண்டாவது பத்தி எந்தப் பேப்பரிலிருந்து? மூலம் குறிக்கவில்லை." சிறிய கமெண்ட்தான், ஆனால் தேதியோடு நிற்கும். நீங்கள் படித்தீர்கள், கேட்டீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. கமெண்ட்டை ரிசால்வ் செய்யுங்கள், அழிக்காதீர்கள்.

படி 4: ஒப்புமை ரிப்போர்ட்டை எண்ணாகப் படிக்காதீர்கள்

ஒப்புமை பார்க்கும் மென்பொருள் டர்னிட்டின், டிரில்பிட் எதுவாக இருந்தாலும் அது சொல்வது இவ்வளவுதான்: இந்த வரிகள் வேறு எங்கோவும் இருக்கின்றன. திருட்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. சர்டிஃபிகேட் பக்கம், டிக்ளரேஷன், ரெஃபரன்ஸ் பட்டியல் எல்லாம் ஆயிரம் ரிப்போர்ட்டில் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றை விலக்காமல் ஓட்டினால் நேர்மையான ரிப்போர்ட்டும் 25 காட்டலாம். மறுபக்கம், 60 பக்க ரிப்போர்ட்டில் 8 சதவீதம் என்றால் ஏறக்குறைய ஐந்து பக்கம். அந்த ஐந்தும் ஒரே மூலத்திலிருந்து தொடர்ச்சியாக வந்திருந்தால், எண் சின்னது, விஷயம் பெரியது. எண்ணை விட்டுவிட்டு, கலர் அடித்த பகுதிகளைப் பாருங்கள். ஒரே கலரில் நீளமாக ஓடும் இடம்தான் ஆபத்து.

டீமில் ஒருவர் ஆர்வக்கோளாறில் வெளியே யாரிடமோ கொடுத்து முன்கூட்டியே செக் செய்துவிடுவார். அவர்கள் அதைச் சேமிப்பில் போட்டுவிட்டால், பின்னர் கல்லூரி ஓட்டும்போது உங்கள் ரிப்போர்ட்டே உங்கள் ரிப்போர்ட்டோடு நூற்றுக்கு நெருக்கமாக ஒத்துப்போகும். கல்லூரி நூலகத்தில் கேளுங்கள், சேமிக்காமல் ஓட்டும் வசதி இருக்கிறது.

படி 5: கண்டுபிடித்துவிட்டீர்கள், இன்னும் கொடுக்கவில்லை

நேரம் இருக்கிறது என்றால் முதலில் அவரிடமே பேசுங்கள், தனியாக. குரூப்பில் போட்டு அவமானப்படுத்தினால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார், வேலை நடக்காது. பேசி முடித்ததும் ஒரு மெசேஜ்: "திவ்யா, பேசினபடி 2.3, 2.4 ரெண்டையும் வெள்ளிக்கிழமைக்குள்ள நீ திரும்ப எழுதிடு, சோர்ஸ் போட்டுடு. ஹெல்ப் வேணும்னா சொல்லு." குற்றச்சாட்டு இல்லை, மிரட்டல் இல்லை, ஆனால் எழுத்தில் இருக்கிறது.

திருத்தினால் சரி, அதோடு முடிந்தது. பேச்சுக்குப் பேச்சு அதை இழுக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை போய் அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது, ஒன்றும் நடக்கவில்லை என்றால் மற்ற மூவரும் சேர்ந்து அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டு நீங்களே எழுதலாம். நேரம் இல்லை என்றால் அந்தப் பகுதி இல்லாமலேயே கொடுக்கலாம். லிட்டரேச்சர் சர்வே மெலிந்திருப்பதால் போகும் மார்க் சிலதுதான். பிறகு கைடிடம் போங்கள், மெயிலோடு:

"வணக்கம் மேடம். எங்கள் ரிப்போர்ட்டின் 2.3, 2.4 பகுதிகளில் மூலம் குறிக்காமல் எடுத்த பத்திகள் இருப்பதைக் கவனித்தோம். திருத்தி எழுத முயல்கிறோம், அதற்கு மூன்று நாள் அவகாசம் கிடைக்குமா? ஒவ்வொரு பகுதியையும் யார் எழுதினோம் என்ற விவரத்தை இணைத்திருக்கிறோம்."

போட்டுக்கொடுப்பதாகத் தோன்றுகிறதா? மெயிலைத் திரும்பப் படியுங்கள், குற்றம் சுமத்தும் வரி ஒன்றுகூட இல்லை. இருப்பது பிரச்சினையும் வேலைப் பிரிவும் மட்டுமே. கைடும் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போடுகிறவர், அவருக்கும் இது முன்கூட்டியே தெரிவதுதான் நல்லது. தெரிந்தும் பேசாமல் கொடுத்துவிட்டால், "உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?" என்ற இரண்டாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. எழுதியவருக்கும் உங்களுக்கும் கமிட்டி பெரிய வித்தியாசம் பார்க்காது.

படி 6: கடிதம் வந்துவிட்டால்

டீம் குரூப்பில் உடனே "எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிடுவோம்" என்று ஒரு மெசேஜ் வரும். பதில் போடாதீர்கள். ஒப்புமைப் பிரச்சினை ஒரு தண்டனையோடு போகும், சேர்ந்து கதை கட்டியது தெரிந்தால் அது தனிக் குற்றம். டாக்கில் எதையும் மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள். ஹிஸ்டரி, கமெண்ட், மெயில் எல்லாவற்றுக்கும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எந்தப் பகுதி, எந்த மூலத்தோடு ஒத்துப்போகிறது, எந்த விதியின் கீழ். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள், ஒப்புமை ரிப்போர்ட்டின் நகலையும் சேர்த்து. யு.ஜி.சி. விதிகள் ஆய்வேடுகளுக்காகத் துறை அளவில் ஒன்று, நிறுவன அளவில் ஒன்று என இரண்டு குழுக்களை அமைக்கச் சொல்கின்றன. இயற்கை நீதியைப் பின்பற்ற வேண்டும் என்பதும், ஒவ்வொரு குழுவும் 45 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. உங்கள் ப்ராஜெக்ட் அந்த விதிக்குள் நேரடியாக வராது, ஆனாலும் உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பது எந்த விசாரணைக்கும் பொது. மரியாதையோடு கேட்கலாம்.

பதில் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நான் எழுதியது இது, இதற்கு ஆதாரம் இணைப்பு 1. குறிப்பிட்ட பகுதியை நான் படித்த தேதி இது, கேட்ட கேள்வி இது, இணைப்பு 2. கிடைத்த பதில் இது. அவ்வளவுதான். டீம்மேட்டின் குணம், அவர் அரியர் வைத்தது, பிளேஸ்மென்ட்டுக்கு ஓடியது எதுவும் வேண்டாம். "அவன் எப்பவுமே இப்படித்தான் சார்" என்று ஆரம்பித்தால், அப்படித் தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்ற கேள்விக்கு நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

கமிட்டிகள் முடிவெடுக்கும் விதம் ஒரே மாதிரி இருக்காது. எல்லோருக்கும் ஒரே தண்டனை என்று முடிக்கிற இடம் உண்டு. ரிப்போர்ட் மார்க்கை எல்லோருக்கும் குறைத்து, ஒழுங்கு நடவடிக்கையை எழுதியவர் மீது மட்டும் எடுக்கிற இடம் உண்டு. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. தவறான வேலையின் மார்க் யாருக்கும் சேரக் கூடாது, ஆனால் ஏமாற்றுக்காரர் என்ற பதிவு ஏமாற்றியவர் பெயரில் மட்டுமே இருக்க வேண்டும். உங்கள் கோரிக்கையையும் இப்படிப் பிரித்து வைத்தால் கமிட்டிக்கு ஒப்புக்கொள்வது சுலபம். முடிவு ஒத்துக்கொள்ளும்படி இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கான கெடுவை முதலில் பாருங்கள். வாதம் நன்றாக இருந்தும் தேதி தாண்டியதால் வாங்கிக்கொள்ளாமல் போவது சாதாரணமாக நடப்பது.

எழுதியவர் நீங்களே என்றால்? விசாரணை அறைக்குள் போவதற்கு முன்பே கைடிடம் சொல்லிவிடுங்கள், எழுத்தில்: "இந்தப் பகுதியை எழுதியது நான் மட்டும், மற்ற மூவருக்கும் இது தெரியாது." அந்த ஒரு மெயில் மூன்று பேரின் செமஸ்டரைக் காப்பாற்றலாம். தானாக முன்வந்து சொன்னவரைக் கமிட்டி வேறு மாதிரிப் பார்ப்பதும் உண்டு, உறுதி இல்லை என்றாலும்.

ப்ராஜெக்ட் பேப்பரானால்

பல துறைகளில் ப்ராஜெக்ட்டை ஒரு கான்ஃபரன்ஸ் பேப்பராகவும் போடச் சொல்கிறார்கள். அங்கே கதை மாறுகிறது. வெளியிடப்படும் கட்டுரை யு.ஜி.சி. விதியின் வரையறைக்குள் வந்துவிடுகிறது, கைடின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருக்கும், கல்லூரியை விட்டுப் போன பிறகும் புகார் வரலாம். ரிப்போர்ட்டில் திருத்தாமல் விட்ட இரண்டாம் அத்தியாயம்தான் பெரும்பாலும் பேப்பரின் 'ரிலேட்டட் வொர்க்' ஆக மாறி உள்ளே போகும். அதனால் சப்மிட் செய்யும் இணையதளத்தில் எல்லா ஆசிரியர்களின் சொந்த மெயில் ஐ.டி.யையும் கொடுங்கள், ஒருவருடையதை மட்டும் கொடுக்காதீர்கள்; பிரச்சினை என்று மெயில் வந்தால் நால்வருக்கும் வரட்டும். கடைசிப் பிரதியை அனுப்புவதற்கு முன் எல்லோரும் படித்து "படித்தேன், சம்மதம்" என்று பதில் போடும் வரை அப்லோட் பட்டனைத் தொடாதீர்கள். ஒருவர் பதில் போடவில்லை என்றால் போன் செய்யுங்கள். அப்போதும் படிக்க நேரமில்லை என்று சொன்னால், ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் வேண்டுமா என்று அந்த போனிலேயே கேட்டுவிடுங்கள்.